முதல் நான்கு மாதங்கள்

வயதான ஆண் நாய்களுக்கும் மனிதர்களைப் போலவே புராஸ்டேட் சுரப்பி வீங்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1930களின் பிற்பகுதியில் அந்த நாய்களைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். விரைகளை அகற்றினால் வீங்கிய சுரப்பி சுருங்கியது. டெஸ்டோஸ்டிரோனை ஊசியில் ஏற்றினால் மறுபடியும் பருத்தது. நாயில் கண்டதை அவர் மனிதரிடம் பொருத்திப் பார்த்தார். புற்றுநோய் எலும்புவரை பரவி, வலியில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஆண்களுக்கு விரைகளை நீக்கியபோது பலருக்கு வலி தணிந்தது, பசி திரும்பியது. ரத்தத்தில் எகிறியிருந்த ஆசிட் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதியின் அளவு மளமளவென இறங்கியது. 1941இல் வெளியான அந்த முடிவு, ஒரு புற்றுநோய் வளர்வதற்கு ஹார்மோன் வேண்டும், ஹார்மோனை நிறுத்தினால் அது ஒடுங்கும் என்று முதன்முதலாக உறுதியாகக் காட்டியது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது.

திசுவுக்குள் நடப்பதை ரத்தத்தில் மிதக்கும் ஒரு நொதி வெளியே சொல்லிவிடும் என்பதும் அந்த ஆய்வின் பாடங்களில் ஒன்று. இந்த அத்தியாயத்தில் வேறொரு நொதியும் வேறோர் உறுப்பும் வரப்போகின்றன.

விரைகளை வெட்டியெடுக்கச் சம்மதிக்கும் ஆண்கள் குறைவு. அதனால் கத்தியில்லாமல் அதே பலனைத் தரும் வழிகளை மருத்துவம் தேடியது. செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரை முதலில் வந்தது. அது இதய நோயால் வரும் மரணங்களைக் கூட்டியது என்று 1960களின் அமெரிக்க ஆய்வுகள் காட்டின. பிறகு, மூளையிலிருந்து கிளம்பி விரைகளை இயக்கும் ஹார்மோன் ஒன்றை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கியமின் குழுக்கள் கண்டறிந்தன. 1977இல் அதற்கு நோபல் கிடைத்தது. அந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்ட லூப்ரோலைட் ஊசி 1985இல் சந்தைக்கு வந்தது. விரைகளை அது அமைதியாக்கிவிடும். ஆனால் போட்ட முதல் ஓரிரு வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் தாறுமாறாக ஏறிவிட்டுத்தான் இறங்கும். தவிர, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் கொஞ்சம் ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. அவற்றை இந்த ஊசி தொடுவதில்லை.

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க வந்ததுதான் ஃப்ளூட்டமைட். ஷெரிங் நிறுவனத்தில் ருடால்ஃப் நெரியும் சக ஆய்வாளர்களும் 1972இல் அதன் குணங்களை விவரித்தார்கள். ஹார்மோன் சுரப்பதை அது தடுக்காது. ஹார்மோன் போய் ஒட்ட வேண்டிய ஏற்பியில் தான் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஓடினாலும் புற்றுச்செல்லுக்கு அதன் கட்டளை போய்ச் சேராது. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஃபெர்னாண் லப்ரி, இரண்டு தடைகளையும் சேர்த்தே போட வேண்டும் என்று 1980களில் விடாமல் வாதாடினார். 603 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வொன்று 1989இல் அவருக்கு வலு சேர்த்தது: ஊசி மட்டும் பெற்றவர்களின் நடுமட்ட ஆயுள் 28.3 மாதம், ஊசியோடு ஃப்ளூட்டமைடும் எடுத்தவர்களுக்கு 35.6 மாதம். பரவிய புற்றுநோயில் ஏழு மாதம் என்பது பெரிய வரவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதே ஆண்டு மருந்துக்கு அனுமதி தந்தது. நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு 250 மில்லிகிராம்.

மருந்துக் கடைகளுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே கடிதங்கள் வரத் தொடங்கின. ஃப்ளூட்டமைட் எடுத்த நோயாளிக்கு மஞ்சள் காமாலை, ஈரல் வீக்கம், நினைவு தப்பல், மரணம். மருத்துவர்கள் தாமாக எழுதி அனுப்பிய இந்த அறிக்கைகளை நிர்வாகத்தின் நோய்ப்பரவலியல் ஆய்வாளர் டயான் வைசோவ்ஸ்கியும் சகாக்களும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். வைரஸ் காமாலையா, மதுவா, புற்றுநோயே ஈரலுக்குப் பரவியதா, வேறு மாத்திரையா என்று ஒவ்வொரு காரணத்தையும் விலக்கிப் பார்த்தார்கள். 1993இல் முதல் கட்டுரையும் 1996இல் விரிவான கணக்கும் வந்தன. 1989 தொடங்கி 1994 முடிய 46 பேர். 26 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்; 20 பேர் இறந்துபோனார்கள். மருந்து எடுத்த பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு இந்தக் கேடு நேர்ந்தது என்று கணக்கிடப்பட்டது.

அனுமதிக்கு முன் இது ஏன் தெரியவில்லை? யாரும் மறைத்தார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. விடை எளிய கணக்கில் இருக்கிறது. 603 பேர் ஆய்வில் ஃப்ளூட்டமைட் பெற்றவர்கள் சுமார் 300 பேர். பத்தாயிரத்துக்கு 3 பேர் என்றால் 300 பேரில் 0.09 பேர். அந்த ஆய்வைப் பதினோரு முறை திரும்பச் செய்தால்தான் சராசரியாக ஒரே ஒரு நோயாளி தென்படுவார். இப்படிப்பட்ட ஒரு கேட்டை 95 விழுக்காடு உறுதியோடு ஒரு முறையாவது பார்க்க வேண்டுமானால் பத்தாயிரம் பேருக்கு மருந்தைக் கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆய்வு எந்தப் புற்றுநோய் மருந்துக்கும் அனுமதிக்கு முன் நடப்பதில்லை. அபூர்வமான ஈரல் சேதத்தைப் பொறுத்தவரை உண்மையான சோதனை மருந்துக் கடையில்தான் தொடங்குகிறது. சோதனையில் இருப்பது, மாத்திரையை நம்பி வாங்கும் பொதுமக்கள். இதை நோயாளிகளிடம் நேராகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். சொன்னால் பயப்படுவார்கள் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. சொன்னால்தான் ரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் வருவார்கள்.

ஹார்மோனைத் தடுத்ததால் ஈரல் கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. விரைகளை அறுவையில் நீக்கியவருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அடியோடு குறைகிறது; அவருக்கு மூன்றாம் மாதம் ஈரல் செயலிழந்து போவதில்லை. ஆண் ஹார்மோன் நெடுநாள் குறைந்திருந்தால் உடலில் கொழுப்பு கூடும், ஈரலிலும் படியும் என்பது உண்மைதான். அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் வேறு கதை. ஃப்ளூட்டமைடின் கேடு, அது செய்யும் வேலையிலிருந்து வரவில்லை. அந்த மூலக்கூறு கட்டப்பட்டிருக்கும் விதத்திலிருந்து வருகிறது.

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, போர்ட்டல் சிரை வழியாக உடம்பின் வேறெந்த உறுப்புக்கும் முன்னால் ஈரலுக்குப் போகிறது. அங்கே நொதிகள் அதை உடைத்தும் மாற்றியும் சிறுநீரில் வெளியேறும்படி செய்கின்றன. ஃப்ளூட்டமைடை சிப்1ஏ2 என்ற நொதி ஹைட்ராக்ஸி ஃப்ளூட்டமைடாக மாற்றுகிறது. புற்றுநோயை எதிர்த்து நிற்பது பெரும்பாலும் இந்த மாறிய வடிவம்தான். இன்னொரு பாதையில் மூலக்கூறு இரண்டாக வெட்டுப்பட்டு நைட்ரோ அனிலின் வகைப் பொருள் ஒன்று பிறக்கிறது. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மூலக்கூறின் வளையத்தில் ஒட்டியிருக்கும் நைட்ரோ குழு, அதாவது ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும், செல்லுக்குள் எலக்ட்ரான்களை வாங்குவதும் விடுவதுமாக இருக்கக்கூடியது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் செல்லைக் காயப்படுத்தும் ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகின்றன. செல்லின் பாதுகாப்புப் பொருளான குளூட்டாதயோன் அவற்றைச் சமாளித்துச் சமாளித்துத் தீர்ந்துபோகிறது.

இதோடு நிற்பதில்லை. எலியின் ஈரல் செல்களை வைத்துப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990களில் செய்த சோதனைகளில், ஃப்ளூட்டமைட் மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சுத்தொடரில் முதல் கட்டத்தையே முடக்குவது தெரிந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. குறைகிறது. பாதுகாப்புப் பொருளும் இல்லாமல், ஆற்றலும் இல்லாமல் செல் செத்துப்போகிறது.

அப்படியானால் மாத்திரை எடுத்த எல்லோருக்கும் ஈரல் கெட வேண்டுமே? அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உர்ஸ் போல்ஸ்டர்லியின் குழு 2009இல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு இந்தக் கேள்விக்கு அழகான ஒரு வழியைக் காட்டியது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நச்சு ஆக்சிஜனை அடக்கும் நொதி ஒன்று உண்டு. அதைச் செய்யும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் வேலை செய்யும்படி சுண்டெலிகளை வளர்த்தார்கள். மருந்து இல்லாதவரை அவை மற்ற சுண்டெலிகளைப் போலவே ஓடியாடின. ஃப்ளூட்டமைடை நாள்தோறும் நான்கு வாரம் கொடுத்தபோது இயல்பான சுண்டெலிகளின் ஈரல் தாங்கிக்கொண்டது. குறைபாடுள்ளவற்றின் ஈரலில் ஆங்காங்கே செல்கள் செத்துக் கிடந்தன. மனிதரிலும் இப்படி வெளியே தெரியாத ஒரு குறை சிலரிடம் ஒளிந்திருக்கலாம். வயது ஏற ஏற மைட்டோகாண்ட்ரியா தளர்வதும் சேர்ந்துகொள்ளலாம். ஒரே நாளில் விஷம்போல் தாக்காமல் வாரங்கள் கழித்து ஏன் தாக்குகிறது என்பதற்கும் இது பொருந்துகிறது: சேதம் நாளுக்கு நாள் சேர்ந்து, தாங்கும் எல்லையைக் கடக்கும் நாளில் வெளியே வருகிறது.

வேதியியலாளர்கள் கண்டுபிடித்த மாற்று, வளையத்தில் ஒரே ஒரு இடத்தைத் தொட்டது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான பைகலூட்டமைடில் நைட்ரோ இருந்த இடத்தில் சயனோ குழு இருக்கிறது. ஒரு கார்பன், ஒரு நைட்ரஜன். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து நாளுக்கு ஒரு வேளை போதும், 50 மில்லிகிராம். ஈரல் சேதம் ஃப்ளூட்டமைடைவிட மிகக் குறைவு. குறைவுக்கு நைட்ரோ நீங்கியதுதான் காரணமா என்று பார்க்க, ஃப்ளூட்டமைட் மூலக்கூறிலேயே நைட்ரோவை மட்டும் சயனோவாக மாற்றி, சுண்டெலியின் ஈரல் செல்களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாற்றிய வடிவம் செல்களை அவ்வளவாகக் கொல்லவில்லை. பின்னால் வந்த என்சலூட்டமைட் (2012), அபலூட்டமைட் (2018), டாரொலூட்டமைட் (2019) மூன்றிலும் அதே சயனோ குழு தொடர்கிறது. ஃப்ளூட்டமைடின் அளவுக்கு ஈரலைத் தாக்குவதாக இவற்றில் எதுவும் அறியப்படவில்லை. ஒரு சில அணுக்களை மாற்றி உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது என்பது வேதியியலின் பெருமைகளில் ஒன்று.

எல்லாப் பழியையும் நைட்ரோவின் மேல் போட்டுவிடவும் முடியாது. ஜெர்மனியில் பிறந்த சைப்ரோட்டெரோன் அசிட்டேட் ஸ்டீராய்டு வகை. அதில் நைட்ரோ கிடையாது. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தவர்களில் சிலருக்கு ஈரல் செயலிழந்ததால் பிரிட்டன் 1995இல் அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. ஆண் ஹார்மோன் உற்பத்தியையே நிறுத்தும் அபிராட்டெரோனும் ஈரலைத் தொடும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அதன் குறிப்பேடே சொல்கிறது. அதற்கு முன்னோடியாகப் பயன்பட்ட கீட்டோகோனசோல் பூஞ்சை மருந்துக்கு 2013இல் அமெரிக்கா கடுமையான கட்டுப்பாடு விதித்தது, ஈரல் காரணமாகவே. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்சிஃபென் பலருக்கு ஈரலில் கொழுப்பைச் சேர்க்கிறது. அது பெரும்பாலும் மெதுவானது, மருந்தின் பலனோடு ஒப்பிட்டால் சமாளிக்கக்கூடியது.

ஈரல் அடிபடுவதை எப்படி அறிவது? நம்மூர் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் எல்.எஃப்.டி. என்று எழுதித்தரும் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்றோ ஏ.எல்.டி. என்றோ ஒரு வரி இருக்கும். ஃபெலிக்ஸ் ரூப்லெவ்ஸ்கியும் ஜான் லாடியூவும் 1956இல் மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்திய நொதி இது. ஈரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது. செல் கிழிந்தால் ரத்தத்துக்கு வந்துவிடும். சாதாரணமாக லிட்டருக்கு 40 அலகுக்குள் இருக்கும். அதே சீட்டில் பிலிரூபின் என்று இன்னொரு வரி உண்டு; ஈரல் ரத்தத்திலிருந்து அகற்ற வேண்டிய மஞ்சள் நிறமி அது. இரண்டும் வேறு வேறு சேதி சொல்கின்றன. மேல்நிலைத் தொட்டி விரிசல் விட்டுக் கசிவது ஒன்று. தெருக்குழாயில் தண்ணீர் வராமல் நின்றுபோவது வேறொன்று. ஏ.எல்.டி. முதலாவதைக் காட்டும், பிலிரூபின் இரண்டாவதை. ஈரலுக்குக் கைவசம் நிறைய இருப்புச் சக்தி இருப்பதால் கணிசமான செல்கள் வேலையை நிறுத்தும்வரை பிலிரூபின் அசையாது. ஆகவே கண் மஞ்சளாகும்போது பாதிப்பு ஏற்கெனவே முற்றியிருக்கிறது.

இந்த உண்மைக்கு எண்ணால் உருவம் கொடுத்தவர் அமெரிக்க ஈரல் மருத்துவர் ஹைமன் சிம்மர்மன். மருந்தால் ஈரல் செல்கள் சேதமடைந்து, அதோடு காமாலையும் வந்தால் பத்தில் ஒருவராவது இறக்கிறார், சில மருந்துகளில் பாதிப் பேர்கூட இறக்கலாம் என்று அவர் கவனித்தார். அவருடைய செல்லப் பெயரால் ஹை விதி என்று அது வழங்குகிறது: ஏ.எல்.டி. இயல்பின் உச்சத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல், பிலிரூபின் இரண்டு மடங்குக்கு மேல், பித்தக்குழாய் அடைப்பு இல்லை. புதிய மருந்தொன்றின் ஆய்வில் இப்படி இரண்டு மூன்று பேர் தென்பட்டால்கூட ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த மருந்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கின்றன.

ஃப்ளூட்டமைடின் குறிப்பேட்டில் இப்போது கறுப்புக் கட்டத்துக்குள் அச்சாகியிருக்கும் எச்சரிக்கை இந்த அறிவிலிருந்து வந்தது. பதிவான ஈரல் சேதங்களில் ஏறக்குறைய பாதி, மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் வந்தவை. எனவே மாத்திரை தொடங்குமுன் ஒரு பரிசோதனை, பிறகு முதல் நான்கு மாதம் மாதந்தோறும், அதன்பின் அவ்வப்போது. தொடங்கும்போதே ஏ.எல்.டி. இயல்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் இந்த மருந்தே வேண்டாம். இடையில் இரண்டு மடங்கைத் தாண்டினாலோ, காமாலை தெரிந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். பலருக்கு ஏ.எல்.டி. கொஞ்சம் ஏறித் தானே இறங்கிவிடும். யாருக்கு இறங்கும், யாருக்கு ஏறிக்கொண்டே போகும் என்று முதல் சீட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மாதாமாதம். ஒரு மாதச் சீட்டில் கசிவாக இருப்பது, அடுத்த மாதச் சீட்டு இல்லாமல் போனால், கண்ணில் மஞ்சளாகத்தான் தெரியவரும்.

சிறுநீர் நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃப்ளூட்டமைட் எடுத்தால் சிறுநீர் வெளிர்ப் பழுப்பாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோ மாறலாம். மருந்தின் சிதைவுப் பொருட்கள் தரும் நிறம் அது, கேடில்லை. ஈரல் கெட்டாலும் சிறுநீர் கருத்து வரும். வீட்டில் பார்த்து இது அதுவா இதுவா என்று முடிவு செய்யக் கூடாது. பசியின்மை, குமட்டல், காரணமில்லாத அசதி, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, உடல் அரிப்பு என எதுவாக இருந்தாலும் அன்றே ரத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. புற்றுநோய் என்றால் அசதி இருக்கத்தானே செய்யும் என்று குடும்பமே சமாதானம் சொல்லிக்கொள்வதில்தான் நாட்கள் போய்விடுகின்றன.

இத்தனை கண்டிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளூட்டமைடால் வரும் ஈரல் சேதத்துக்கு முறிமருந்து கிடையாது. பாராசிட்டமால் நஞ்சுக்குத் தரும் அசிட்டைல்சிஸ்டீனை ஆரம்ப நிலையில் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் போனால் ஈரல் மாற்று அறுவை ஒன்றே மிச்சம். உடலெங்கும் பரவிய புற்றுநோய் உள்ளவருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது. வேறிடத்தில் புற்றுநோய் பரவியிருந்தால் ஈரல் மாற்று செய்வதில்லை.

இனி, என்னை மிகவும் வருத்தும் பகுதி. ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை என்பதால், முகத்தில் அதிக முடி, முகப்பரு, தலைமுடி உதிர்தல், பிசிஓடி என்று வரும் இளம்பெண்களுக்கும் சில நாடுகளில் ஃப்ளூட்டமைட் எழுதித்தரப்பட்டது. முடி குறையவும் செய்தது. 1999இல், முக முடிக்காக ஃப்ளூட்டமைட் எடுத்த பெண்ணுக்கு ஈரல் முற்றிலும் செயலிழந்ததை ஸ்பெயின் மருத்துவர்கள் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். 2004இல் பிரேசிலின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, அழகுக் காரணங்களுக்காக இதை எடுத்த பெண்கள் தீவிர ஈரல் அழற்சியில் இறந்ததையடுத்து எச்சரிக்கை விட்டது. அமெரிக்கக் குறிப்பேடு, இது பெண்களுக்கான மருந்தே இல்லை, அதிலும் உயிருக்கு ஆபத்தில்லாத கோளாறுகளுக்குக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018 வழிகாட்டியும் முக முடிக்கு ஃப்ளூட்டமைட் வேண்டாம் என்கிறது.

குறைந்த அளவில் கொடுத்தால் கேடும் குறைவு என்று ஆய்வுகளைக் காட்டி வாதிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அளவு குறைந்தால் ஆபத்து குறையலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது? புற்றுநோய் எலும்பைத் தின்னும் எழுபது வயதுக்காரர் பத்தாயிரத்தில் மூன்று என்ற ஆபத்தைத் தெரிந்தே ஏற்கலாம். அதற்கு ஈடாக அவருக்கு வாழ்நாள் கிடைக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஈடாகக் கிடைப்பது முகத்தில் கொஞ்சம் முடி குறைவது. ஸ்பைரனோலாக்டோன், கருத்தடை மாத்திரை, லேசர் என்று ஈரலை இப்படித் தாக்காத வழிகள் இருக்கும்போது அவளிடம் அந்தப் பந்தயத்தைக் கட்டச் சொல்ல எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

புற்றுநோயாளிகளுக்கான தராசுகூட முதலில் நினைத்ததைவிடச் சாய்ந்துவிட்டது. 1998இல் 1,387 பேரைக் கொண்ட பெரிய ஆய்வு வந்தது. விரைகளை அறுவையில் நீக்கியவர்களுக்கு ஃப்ளூட்டமைடைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஆயுளில் குறிப்பிடத்தக்க லாபம் தெரியவில்லை. 2000இல் பல ஆய்வுகளையும் ஒன்றாகக் கோத்துப் பார்த்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வில் கூடுதல் நன்மை நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் என்று தெரிந்தது. லப்ரியின் எண்ணம் பொய்யாகவில்லை, லாபம் சிறிதாகிவிட்டது. லாபம் சிறிதாகும்போது பத்தாயிரத்தில் அந்த மூன்று பேரின் ஈரல் பெரிதாகத் தெரியத்தானே வேண்டும்? இன்று பல நாடுகளில் பைகலூட்டமைடோ அதற்குப் பின் வந்தவையோ ஃப்ளூட்டமைடின் இடத்தைப் பிடித்துவிட்டன. விலை குறைவென்று ஃப்ளூட்டமைட் இன்னும் எழுதப்படும் இடங்களில், சேமித்த பணத்தில் ஒரு பகுதியையாவது மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்கினால்தான் அது உண்மையில் மலிவு.

நம் நாட்டில் மருந்தால் வரும் ஈரல் சேதம் என்றாலே முதலில் நிற்பவை காசநோய் மாத்திரைகள். பெங்களூரின் ஈரல் மருத்துவர் ஹர்ஷத் தேவர்பவியும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட 313 நோயாளிகளின் கணக்கில் 58 விழுக்காடு அவற்றால் வந்தவை. மொத்தத்தில் நூற்றுக்கு 17 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹார்மோன் தடுப்பு மருந்துகளின் பங்கு சிறியது. ஆனால் புராஸ்டேட் நோயாளி பெரும்பாலும் முதியவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஏற்கெனவே ஒரு டப்பா நிறைய மாத்திரை வைத்திருப்பவர். ஈரலில் கொழுப்போ, தெரியாத ஹெப்படைடிஸ் பி தொற்றோ முன்பே இருக்கலாம். ஆகவே முதல் மாத்திரைக்கு முந்தைய பரிசோதனை இங்கே இன்னும் அவசியம்.

தமிழ்நாட்டில் காமாலை என்றால் கை தானாகக் கீழாநெல்லியைத் தேடும். கீழாநெல்லியை நான் இகழவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு, அந்தச் செடி வைரஸை விரட்டலாம் என்ற நம்பிக்கையை உலகெங்கும் எழுப்பியது. பிற நாடுகளில் நடந்த பின்னாளைய ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அது எப்படியிருந்தாலும், அந்த ஆய்வு பார்த்தது வைரஸை. இங்கே ஈரலைத் தாக்குவது காலையும் மதியமும் இரவும் நீங்களே விழுங்கும் மாத்திரை. மூன்று நாள் பச்சிலைச் சாறு குடித்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் மூன்று நாளும் மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பைகலூட்டமைட் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஆறு நாள் ஆகும், நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடலில் இருக்கும். நிறுத்துவதில் ஒரு நாள் தாமதம்கூட அதற்கு மேல் கூடிக்கொள்ளும்.

வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரைகளில் ஒன்று எழுதப்பட்டிருந்தால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் எல்.எஃப்.டி. எப்போது, அடுத்தது எந்தத் தேதியில். மாத்திரையைப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், புற்றுநோய் காத்திருக்காது. ஆனால் கண் மஞ்சளானால், மருத்துவரை எட்டும்வரை அடுத்த வேளையை எடுக்காதீர்கள்.

ஈரல் சேதம் நேர்ந்துவிட்டால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். வைசோவ்ஸ்கியின் மேசைக்கு வந்த 46 பேரின் விவரமும் யாரோ ஒரு மருத்துவர் நேரம் ஒதுக்கி எழுதி அனுப்பியது. அவர்கள் எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்காது. இந்தியாவில் 2010இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காஸியாபாத்திலிருந்து இயங்குகிறது. மருத்துவர் மட்டுமல்லாமல் நோயாளியும் உறவினரும்கூடப் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். அதற்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.